களத்துக்குப் போன ஐஸ்கிறீம் வான்

வவுனியாவிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "வானை மாடு இழுத்தது என்று எழுதுகிறீர்கள், அழகம்மா. கதைக்கும் ஒரு அளவு வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அடி ஆத்தே! தொண்ணூறுகளில் வன்னிக்குள் இருந்த யாரையாவது பிடித்துக் கேட்டுப் பாருங்கள். அரசாங்கத்தின் தடையால் அந்த நாளில் பெற்றோல் என்பது குழந்தைப்பிள்ளையின் சம்பூப் போத்தலில் ஒளித்து வைக்கிற சாமான். மோட்டார் சைக்கிள்காரன் மூக்குக்கு மருந்து விடுவதுபோல அதில் இரண்டு சொட்டை எஞ்சினுக்குள் பீச்சிக் கிளப்பிவிட்டு, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு போவான். ஒரு முழு வானுக்கு நாங்கள் எங்கே போவது? எஞ்சினைக் கழற்றினோம். முன்னுக்கு நுகம் பூட்டினோம். சோடி மாடு இழுத்தது.

இடது பக்கத்து மாட்டின் பெயர் கியர். வலது பக்கத்து மாட்டின் பெயர் பிறேக். ஏன் அந்தப் பெயர் என்று, பிறேக்கோடு ஒரு நாள் வீதியில் போயிருந்தால் நீங்களே சொல்லுவீர்கள்.

வானின் பின்பக்கம் பாதியாக வெட்டின எண்ணெய்ப் பீப்பாயில் விறகடுப்பு. ஐஸ்கிறீம் வைத்த பெட்டிக்குள் தோசைமா. பக்கத்துக் கண்ணாடி யன்னலைத் தள்ளினால் கடை திறந்தது. வெளியில் மட்டும் பழைய படம் அப்படியே இருந்தது. ஆளுயரத்துக்கு ஒரு ஐஸ்கிறீம் கோன், உச்சியில் ஒரு சிவப்புச் செரி. அதற்குப் பக்கத்தில் நின்று நான் ரொட்டியும் கட்டச்சம்பலும் விற்றேன். எங்கள் வானைக் கண்டு ஐஸ்கிறீம் கேட்டு அழாத குழந்தை கிளிநொச்சியில் இல்லை. அதுகளை இன்று நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். எழுபத்தேழு இனக்கலவரத்தில் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தோம். வட்டக்கச்சியில் ராஜரத்தினம் என்ற பெரிய கமக்காரரின் வயலில் கூலிக்குக் களை பிடுங்கினேன். அவருடைய தம்பி கதிர்காமநாதன் வரம்பில் நின்று என்னைப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் கலியாணமும் கட்டினார். "தோட்டக்காட்டாளைக் கட்டினவன் எனக்குத் தம்பியில்லை" என்று சொல்லி அண்ணன் கதவைச் சாத்தினார். பதினொரு வருசம். அந்த வீட்டு ஆட்கள் என் கையால் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடித்தது கிடையாது.

அந்த ராஜரத்தினத்தின் களத்துக்குத்தான் வான் வரலாம் என்று ஒரு நாள் செய்தி வந்தது. அவராக மனமிரங்கி விடவில்லை. சூடடிக்கிற ஆட்களின் தலைவர் தங்கராசா ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

"என்ர ஆக்கள் ஐஸ்கிறீம் வானிலதான் சாப்பிடுறவை. வான் வராட்டில் நாங்கள் அடுத்த களத்துக்குப் போறம்" என்றார்.

வானத்தில் மழை மூட்டம். வெட்டின நெற்கதிர் மலைபோலக் குவிந்து கிடக்கிறது. பெரியவருக்கு வேறு வழியில்லை. "வரட்டும்" என்று ஒரே ஒரு சொல் சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லைக் கேட்ட நேரத்திலிருந்து என் மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை.

* * *

தொண்ணூற்றைந்து மாசி மாதம். சண்டை நின்றிருந்த காலம். வானத்தை அண்ணாந்து பார்த்தால் குண்டுபோட விமானம் வருமா என்றில்லாமல் மழை வருமா வராதா என்று மட்டும் யோசித்த அந்தச் சில மாதங்களை நான் இன்னும் கைவிரலில் எண்ணி வைத்திருக்கிறேன்.

விடிந்ததும் பார்த்தால் இவர் வாளியும் துணியுமாக வானைத் தேய்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தரம்.

"இஞ்சாருங்கோ, உந்த ஐஸ்கிறீமைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கரைக்கப் போறியளோ?"

"அண்ணை பாக்கிறதெல்லே. ஊத்தையா இருக்கக் கூடாது."

"அண்ணை உங்களைப் பாப்பாரோ எண்டே தெரியேல்லை. அதுக்குள்ள வானைப் பாக்கப் போறாராம்!"

துணியை வாளிக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். எப்போதும் இரண்டு நாள் தாடியோடு கிடக்கிற முகம், அன்று மட்டும் மழித்து, திருநீறு பூசி, கலியாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"அழகம், நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. அண்ணை இண்டைக்கு உம்மட கையால ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சாரெண்டால் எனக்குக் காணும்."

 எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இவருக்காக மட்டும் இல்லை, பொய் சொல்ல மாட்டேன். என் கையென்ன அழுகலா? கிளிநொச்சி முழுக்க இந்தக் கையால் சாப்பிடுகிறது. ஒரு வீடு மட்டும் பதினொரு வருசமாக மூஞ்சியைத் திருப்புகிறது. எனக்கு ரோசம் இருக்காதா?

"பாப்பம், பாப்பம். முதல்ல பிறேக்கை எழுப்புங்கோ. அது இன்னும் படுத்துக் கிடக்கு" என்றேன்.

வழி நெடுக இவர் எனக்குக் களத்து வழக்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தார். செருப்போடு போகக் கூடாதாம். பெண்பிள்ளைகள் களத்துக்குள் கால் வைக்கக் கூடாதாம், ஓரத்தில்தான் நிற்க வேண்டுமாம். முக்கியமாக "இல்லை" என்றோ "முடிஞ்சுது" என்றோ வாயில் வரக்கூடாதாம். அப்படிச் சொன்னால் நெல் பொலியாது, பொலி என்கிற நெற்குவியல் தானாகக் குறைந்துபோகும் என்பது வட்டக்கச்சிக் கமக்காரரின் நம்பிக்கை. ஒன்று தீர்ந்துபோனால் "நிறைஞ்சுது" என்று சொல்ல வேண்டும். கேட்ட பொருள் கைவசம் இல்லாவிட்டால் "வந்துகொண்டிருக்கு" என்று சொல்ல வேண்டும்.

"உங்கட அண்ணற்ற வயலில ஏழு போகம் கூலிக்கு நிண்டவளுக்கு நீங்கள் களத்துப் பாஷை படிப்பிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"இல்லையப்பா, ஒருவேளை மறந்து..."

"நீங்கள் மறக்காமல் இருந்தால் சரி."

இருவரும் சிரித்தோம்.

* * *

களம் இரணைமடுக் குளத்திலிருந்து வருகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வானை ஓரத்தில் நிறுத்தி, மாட்டை அவிழ்த்து மருதமர நிழலில் கட்டினோம். நான் அடுப்பை மூட்டினேன்.

ராஜரத்தினம் அத்தான் மறுபக்க ஓரத்தில் நின்றார். மடித்துக் கட்டின வேட்டி, தோளில் துவாய், கையில் பொல்லு. பதினொரு வருசத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. வான் வந்த சத்தம் அவருக்குக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. எங்கள் வான் வருகிற சத்தம் பரந்தனுக்கும் கேட்கும். ஆனால் மனிதர் திரும்பவேயில்லை.

இவர் போய்க் கொஞ்சத் தூரத்தில் நின்று, "அண்ணை, வந்திட்டம்" என்றார்.

"ம்" என்றது முதுகு.

இவர் அந்த ஒரு "ம்"மைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கதைச்சவர், அழகம்" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

ரைக்டர் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு, படங்கு விரித்துப் பரப்பின கதிரின் மேல் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கியது. பதினாறு பேர் வேலை செய்தார்கள். இருவர் இருவராக வந்து ரொட்டி தின்றார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். சீனிக்குத் தடை, வன்னிக்குள் வருகிறது அபூர்வம். உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்துக் கொடுப்பேன், கடித்துக் கடித்துக் குடிப்பார்கள். அந்தப் பனங்கட்டி வாசமும், புது வைக்கல் வாசமும், கல்லில் வேகிற ரொட்டியின் வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தது. இன்று வீதியோரத்தில் கலர் லைற் போட்டுப் பாட்டுப் போட்டு எத்தனையோ சாப்பாட்டு வண்டிகள் நிற்கின்றன. நல்லாயிருக்கட்டும், பிள்ளைகள் உழைக்கட்டும். ஆனால் அந்த வாசத்தை எந்த வண்டிக்குப் பக்கத்திலும் நான் பிறகு பிடிக்கவில்லை.

மத்தியானம் கமலாட்சி அக்கா வந்தார். அதுதான் அத்தானின் மனைவி. வாய்க்கால் வரம்பால் நடந்து வந்து அவருக்குச் சோறு கொடுத்தார். என்னைப் பார்க்கக் கூடாது என்று அந்த ஐஸ்கிறீம் கோனையே உற்றுப் பார்த்துக்கொண்டு போனார். செரிப்பழத்தில் அப்படி என்ன இருந்ததோ!

"அவா பாத்தவா" என்றார் இவர்.

"ஐஸ்கிறீமைப் பாத்தவா" என்றேன் நான்.

தங்கராசா ரொட்டியை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தார். "உங்கட மனுசனுக்கு இண்டைக்கு ஈரல் கருகுது பிள்ளை. பாவம், பகிடி பண்ணாதேங்கோ."

* * *

பின்னேரம் மூன்றரை மணியளவில் காற்று மாறியது. கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் தூற்றி முடிக்க வேண்டும் என்று எல்லோரும் பறந்தார்கள். தூசி எழும்பி மூக்கு வாயெல்லாம் அடைத்தது. கேத்தல் கேத்தலாகத் தேத்தண்ணி ஊற்றினேன். கடைசிச் சொட்டை ரைக்டர்காரருக்கு வார்த்துவிட்டு, கேத்தலைக் கழுவி வாய்க்காலில் தண்ணீர் எடுத்துவர இவரிடம் நீட்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் இருமத் தொடங்கினார். சாதாரண இருமல் இல்லை. நெல்லுத் தூசி நெஞ்சில் இறங்கினால் வருகிற இருமல். வீட்டிலிருந்து வர வேண்டிய பின்னேரத் தேத்தண்ணி அன்று பிந்திவிட்டது. வரம்புப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். யாரும் வரவில்லை. திரும்பினார். களத்துக்குக் குறுக்கே எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

 இவர் வெறுங்கேத்தலைப் பிடித்துக்கொண்டு களத்து ஓரத்தில் மரம் மாதிரி நின்றார்.

அத்தான் நாலடி தள்ளி நின்றார். என்னைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. பிறேக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தேத்தண்ணி இருக்கோ?"

பதினொரு வருசம் காத்திருந்த கேள்வி. என் மனுசன் வாயைத் திறந்தார்.

"முடிஞ்சுது அண்ணை!"

முருகா!

ரைக்டர் நின்றது. சுளகு நின்றது. பதினாறு பேரும் எங்களைப் பார்த்தார்கள். இவருக்குத் தான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. முகம் வெளிறிவிட்டது.

"இந்தக் களத்தில தவண்டு வளந்தவன் நீ" என்றார் அத்தான்.  "என்ர பொலிக்கு முன்னால நிண்டு என்ன சொல்லுச் சொன்னனீ?"

"அண்ணை, வாய் தவறி..."

"பதினொரு வரியமா வயிறெரிஞ்சுகொண்டு இருந்திட்டு, அதைக் கொட்டத்தான் வந்தனியோ?"

"ஐயோ அண்ணை, அப்பிடியில்லை..."

"அந்தச் சொல்லையும் சொல்லிப்போட்டான்! மாட்டைப் பூட்டு. இந்த வண்டி என்ர களத்தில நிக்கக் கூடாது."

இவர் கேத்தலைக் கீழே வைத்தார். மருதமரத்தடிக்குப் போய்க் கியரின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு அவிழவில்லை. ஐம்பது வயது மனிதன், காலையில் மூன்று தரம் வானைக் கழுவின மனிதன், அந்தக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு மலைநாட்டுப் பேச்சுத்தான் வரும்.

"நில்லுங்க! கயித்த விடுங்க!" என்று கத்தினேன்.

வானை விட்டு இறங்கினேன். செருப்பைக் கழற்றினேன். களத்து ஓரம் வரைக்கும் போய், ஓர் அங்குலமும் உள்ளே வைக்காமல் நின்றேன்.

"அத்தான்."

நான் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூலிக்கு நின்ற நாளில் "ஐயா" என்றுதான் சொல்லுவேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அவர் சொன்னது பிழைதான். நானும் ஒப்புக்கொள்ளுறன். ஆனால் களத்துக்கு வந்தவையை வெறுங்கையோட அனுப்புறது எங்கத்தை வழக்கம் அத்தான்? வழிப்போக்கர் வந்தாலும் ரெண்டு கை நெல்லு அள்ளிக் குடுத்து அனுப்புற களமெல்லே இது. நான் இஞ்ச நிண்டு பாத்தனான்."

அது உண்மை. யார் வந்தாலும், எதைக் கேட்டாலும், கொடுக்காமல் அனுப்பினால் அதுவும் பொலிக்குக் கேடு. கதவைச் சாத்தின மனிதரும் களத்தில் அதை மீற மாட்டார்.

அத்தான் பொல்லால் நிலத்தைத் தட்டினார். "ஒரு மூட்டை ஏத்திக்கொண்டு போங்கோ" என்றார், எங்கோ பார்த்து.

"நெல்லு வேண்டாம்."

"பேந்தென்ன வேணும்?"

"பத்து நிமிசம் வேணும். நீங்கள் கேட்ட தேத்தண்ணி வந்துகொண்டிருக்கு."

 கிழக்கே மின்னல் வெட்டியது. மழைக்கு முன்னால் பத்து நிமிசம் என்பது கமக்காரனுக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்துதான் கேட்டேன்.

தங்கராசா துவாயை உதறி வைக்கலின் மேல் விரித்து, சாவகாசமாகக் குந்தினார். "கேட்டதைக் குடுக்கத்தான் வேணும் ஐயா. களமெல்லே" என்றார். அவருடைய ஆட்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள்.

* * *

இவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அடுப்பு பாதி அணைந்திருந்தது. முழங்காலில் இருந்து ஊதினார். கண்ணால் தாரை தாரையாக வழிந்தது.

"அழுகிறதெண்டால் அங்கால போய் அழுங்கோ. விறகு நனையுது."

"புகையப்பா" என்றார்.

"ஓமோம். புகைதான்."

அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பதினாறு பேர் பார்க்கிறார்களே என்று விட்டுவிட்டேன்.

கேத்தல் முனகத் தொடங்கியது. நான் அவசரப்படவில்லை. தேயிலைச் செடிக்குள் வளர்ந்தவள் நான். கொதித்து வருமுன் தேயிலையைப் போட்டால் அது வெறும் நிறத் தண்ணீர். தண்ணீர் குதிக்கும்வரை நின்றேன். இஞ்சியைத் தட்டினேன். சின்னப் பானையைச் சுடுதண்ணீரால் அலம்பி, தேயிலையைப் போட்டு ஊற்றி, மூடி வைத்தேன். பொல்லு தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. கேட்கட்டும்.

கிளாஸ் எடுக்கும்போது மட்டும் ஒரு கணம் கை நின்றது. புதுக் கிளாஸ் ஒன்று பெட்டிக்குள் இருந்தது. இவர் காலையில் இரகசியமாகக் கொண்டுவந்து வைத்தது. நான் அதை எடுக்கவில்லை. எல்லோரும் குடித்த கிளாஸில் ஒன்றைச் சுடுதண்ணீரில் கழுவி அதில்தான் ஊற்றினேன். வேண்டுமென்றேதான்.

களத்து ஓரத்தில் போய் நின்றேன். ஒரு கையில் கிளாஸ், மறு கையில் பனங்கட்டி. உள்ளே நான் போக முடியாது. அவர்தான் வர வேண்டும். பதினைந்து அடி இருக்கும்.

அவர் நின்றார். நானும் நின்றேன். கிளாஸ் விரலைச் சுட்டது. மாற்றிப் பிடிக்கவில்லை.

இருமல் மறுபடி வந்தது. இருமி முடித்து, துவாயால் வாயைத் துடைத்து, பொல்லைத் தங்கராசாவின் பக்கத்தில் வைத்துவிட்டு அத்தான் நடந்து வந்தார். கிளாஸை வாங்கினார். பனங்கட்டியையும் என் உள்ளங்கையிலிருந்து எடுத்தார். கடித்தார். ஒரு மிடறு குடித்தார்.

பிறகு மிச்சம் முழுவதையும் குடித்தார். அடியில் இருந்த இஞ்சித் துண்டையும் விடவில்லை.

வெறுங்கிளாஸைப் பார்த்தார். அதன்பிறகுதான் தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தார். பதினொரு வருசத்தில் முதல் தடவை, முகத்துக்கு நேரே.

"டேய் கதிர்காமு" என்றார். "இவ்வளவு நாளும் இதையே நீ குடிச்சுக்கொண்டு இருந்தனீ?"

"ஓம் அண்ணை."

"தனிய?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"எனக்கும் ஒரு நாள் கொண்டுவந்து தரோணுமெண்டதை மறந்தே போட்டியேடா?"

கதவைச் சாத்தினவர் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஆனால் என் மனுசன் அதற்குள் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி விம்மிக்கொண்டிருந்தார். அத்தான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பொலி! பொலி!" என்று தங்கராசா எழும்பிக் குரல் கொடுத்தார். பதினாறு பேரும் சேர்ந்து "பொலி!" என்றார்கள். ரைக்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது. மழையின் முதல் துளி வான் கூரையில் விழுந்தது.

அப்போதுதான் நான் வாய்க்கால் பக்கம் திரும்பினேன். வரம்பில் கமலாட்சி அக்கா நின்றார். கையில் பிளாஸ்க். எவ்வளவு நேரமாக நின்றாரோ, எதையெதைப் பார்த்தாரோ, தெரியவில்லை. தன் மனுசன் கையில் இருந்த என்னுடைய கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாஸ்கின் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்த தேத்தண்ணி முழுவதையும் வாய்க்காலுக்குள் ஊற்றினார். வெறும் பிளாஸ்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் நேரே வானை நோக்கி நடந்து வந்தார்.

"ஐயோ, சண்டைக்கு வாறா" என்றார் இவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான் அந்தப் பிளாஸ்க் நிறைகிற அளவுக்குக் கேத்தலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்தேன்.